பழமாகவே கொடுப்பதா, பல்பர் வாங்கிப் பார்ச்மென்ட் ஆக்குவதா? (கீழ்ப்பழனி மலை, 3 ஏக்கர் காப்பி)

பண்ணைக்காட்டுத்_தம்பி எழுதியது:

வணக்கம். பண்ணைக்காடு பக்கம் அப்பாவுக்கு 3 ஏக்கர் காப்பித் தோட்டம். முழுக்க அராபிகா. பாதி பழைய எஸ் 795 ரகம், மீதி காவேரி ரகம், ஓரத்தில் புதிதாக வைத்த சந்திரகிரி. நடுநடுவே மலைவாழை, சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகுக் கொடி, சில பட்டர் ஃப்ரூட் மரங்கள். திருப்பூரில் இருந்த நான் இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

இத்தனை வருடமும் பழத்தைப் பறித்த அன்றைக்கே ஜீப்பில் ஏற்றி வியாபாரியிடம் போட்டுவிடுவோம். சாயங்காலம் கையில் காசு. ஆனால் நியூயார்க் சந்தையில் அராபிகா 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியதிலிருந்து, சென்னையிலும் கோவையிலும் காப்பி வறுப்பவர்கள் நேராகப் போன் போட்டு "பார்ச்மென்ட் இருக்கிறதா, நேச்சுரல் செய்வீர்களா" என்று கேட்கிறார்கள். (பார்ச்மென்ட் என்றால் தோலெடுத்துக் கழுவி, உள்ளுறையோடு காயவைத்த கொட்டை.) அப்பாவோ "அதெல்லாம் எஸ்டேட்காரன் வேலை" என்கிறார். பழத்தின் தோலை உரிக்கிற ஒரு பழைய கைப்பல்பர் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பெரும்பாறை_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, பல்பரை விடு, முதலில் கணக்கைப் பார்.

100 கிலோ நல்ல பழத்தைத் தோலெடுத்து, ஊறப்போட்டு, கழுவிக் காயவைத்தால் 20 கிலோ பார்ச்மென்ட் வரும். அதை மில்லில் உடைத்தால் சுமார் 16 கிலோ கொட்டை. தோலோடு அப்படியே காயவைத்தால் 35 முதல் 40 கிலோ செர்ரி. உடைத்தால் அதிலும் ஏறக்குறைய அதே கொட்டைதான். எந்த வழியில் போனாலும் ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை.

இப்போது பழம் கிலோ 60 ரூபாய்க்குப் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். 100 கிலோவுக்கு 6,000. அதே பழத்தைப் பார்ச்மென்ட் ஆக்கினால் கிலோ 300 ரூபாய்க்கு விற்றால்தான் பழத்தின் காசு மட்டுமே திரும்பும். 340க்கு விற்றாலும் மிச்சம் 800 ரூபாய். அதற்குள் ஆள் கூலி, தண்ணீர், சாக்கு, தார்ப்பாய், மில்லுக்கு வண்டி எல்லாம் அடங்க வேண்டும். 400க்கு வாங்குகிற ஆள் இருந்தால் மேற்கொண்டு பேசு.

அப்புறம் மழை. கர்நாடகத்தில் அராபிகா பழுக்கிற நேரத்தில் பெருமழை ஓய்ந்திருக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழையே உச்சம், பழமும் அப்போதுதான் சிவக்கிறது. வியாபாரியிடம் பழத்தைப் போடுகிறவன் மழையையும் அவன் தலையில் ஏற்றிவிட்டு வருகிறான். நீ பல்பர் வாங்கினால் அந்த மழை உன் தலையில். உன் அப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது.

---

டிகாக்ஷன்_பிரியன் எழுதியது:

நான் தோட்டக்காரன் இல்லை, குடிக்கிறவன். ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் புதிதாக வந்த கடையில் 250 கிராம் தூள் 500 ரூபாய்க்கு மேல், பாக்கெட்டில் மலைப்படம், விவசாயி படம் எல்லாம் உண்டு. பழம் கிலோ 60 என்றால் நடுவில் அத்தனையும் எங்கே போகிறது?

---

வறுகடை_மதுரை எழுதியது:

பிரியன் சார், 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டை என்று அண்ணாச்சி சொன்னாரே, அதை நான் வறுத்தால் இன்னும் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் எடை போய்விடும். அதாவது ஒரு கிலோ தூளுக்கு ஏழு கிலோ பழம். 60 ரூபாய்க் கணக்கில் பழம் மட்டுமே 420. அதற்கு மேல் மில் கூலி, கேஸ், கரண்ட், வாடகை, பாக்கெட், கடைக்காரர் கமிஷன். தவிர, சாதாரணக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதில் சிக்கரி இருக்கும். காப்பி 51 விழுக்காடு இருந்தாலே சட்டப்படி காப்பி-சிக்கரி கலவை என்று விற்கலாம். நான் சிக்கரியைக் குறை சொல்லவில்லை, என் வீட்டு ஃபில்டரிலேயே அது உண்டு. ஒப்பிடும்போது மட்டும் அதை மறந்துவிடக்கூடாது.

பண்ணைக்காட்டுத் தம்பிக்கு: வாங்குகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் மலைக் காப்பியில் குறையே இல்லை, கைக்கு வரும் மூட்டையில்தான் குறை. மாதிரியை வறுத்துத் தட்டில் பரப்பினால் நடுவில் வெளிறிப்போன கொட்டைகள் தனியாகத் தெரியும். எவ்வளவு வறுத்தாலும் அவை கறுக்காது. எல்லாம் பழுக்காத காயில் வந்தவை. குடித்தால் வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒரு கரகரப்பு. அடுத்தது ஈரம். 11 விழுக்காட்டுக்கு மேல் ஈரத்தோடு சாக்கில் கட்டினால் மூன்று மாதத்தில் பூஞ்சை வாடை. அந்த வாடை வறுத்தாலும் போகாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்க என்னைப் போலப் பத்துப்பேர் காத்திருக்கிறோம். எஸ் 795, காவேரி என்ற ஜாதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

---

பெரும்பாறை_அண்ணாச்சி எழுதியது:

> சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்க என்னைப் போலப் பத்துப்பேர் காத்திருக்கிறோம்

காத்திருக்கிறீர்கள், சரி. எப்போது காசு கொடுப்பீர்கள்? மாதிரி அனுப்பு, வறுத்துப் பார்க்கிறேன், குடித்துப் பார்க்கிறேன் என்று தை போய் மாசி வந்துவிடும். பழம் பறித்த பெண்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் நான் கொடுத்தாக வேண்டும்.

எங்கள் தலைமுறைக்கு இது புதிதில்லை. 1942ஆம் வருடச் சட்டப்படி விளைந்த காப்பி எல்லாம் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குத்தான் போகவேண்டும். காசு தவணை தவணையாக வரும். பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்தபோது போட்ட காப்பிக்கு அவன் அடுத்த வகுப்புப் போன பிறகும் பாக்கி வந்துகொண்டிருக்கும். 90களில் அந்தக் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தி 1996இல் முழுசாக விட்டார்கள். அன்றைக்கே கையில் காசு என்பது அதற்குப் பிறகுதான் இந்த மலைக்கு வந்தது. அதை விட்டுவிடு என்று வெளியூர்க்காரர் சொன்னால் எங்களுக்கு யோசனையாகத்தான் இருக்கும்.

---

வறுகடை_மதுரை எழுதியது:

அண்ணாச்சி கேட்டது நியாயம். பாதிப் பணம் முன்னால் கொடுத்து வாங்குகிற வறுகடைகளும் இருக்கின்றன, ஆனால் குறைவு. என்னால் பெரிய அளவுக்கு முடியாது. ரெண்டு மூட்டை என்றால் முடியும்.

---

ஏற்காட்டுக்காரி எழுதியது:

நான் சேர்வராயன் மலையில் சின்னத் தோட்டக்காரி. மழை எங்களுக்கும் அதே மழைதான். பல்பரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். பறிக்கிறவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வெளிறிய கொட்டை எங்கிருந்து வருகிறது? கிலோக் கணக்கில் கூலி பேசினால் கிளையை உருவத்தான் செய்வார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் கூடைக்குள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எடைக்குத்தானே காசு? பழுத்ததை மட்டும் எடு என்றால் ஒரே செடிக்கு மூன்று நாலு தடவை போகவேண்டும், ஒவ்வொரு தடவையும் கூடை மெதுவாகத்தான் நிறையும். அதனால் முதல் இரண்டு எடுப்புக்கு நாள்கூலி, கடைசியாக மொத்தமாக உருவும்போது கிலோக்கூலி என்று நான் பிரித்துவிட்டேன். எங்கள் ஊர் அக்காமார்கள் இதைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். இப்போது காய் விழுந்தால் அவர்களே பொறுக்கித் தனியாக வைக்கிறார்கள்.

தம்பி, நீங்கள் பழமாகவே கொடுத்தாலும் இதைச் செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் விட்டுப் பழத்தைக் கொட்டுங்கள். மிதப்பது சொத்தை, பூச்சி தின்றது, உள்ளே கொட்டை நிறையாதது. அதை அரித்துத் தனியாகக் காயப்போட்டுவிட்டு, மூழ்கியதை மட்டும் கொடுத்தால் வியாபாரியிடமே ரெண்டு ரூபாய் கூட்டிக் கேட்கலாம். கொடுக்காத வியாபாரிதான் அதிகம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

---

பண்ணைக்காட்டுத்_தம்பி எழுதியது:

அக்கா, நேச்சுரல் என்று கேட்கிறார்களே, அது நாம் காலங்காலமாகப் போடுகிற செர்ரிதானே? அதற்கு எதற்குக் கூடுதல் விலை?

---

ஏற்காட்டுக்காரி எழுதியது:

அடிப்படை ஒன்றுதான், பழத்தைத் தோலோடு காயவைப்பது. ஆனால் நாம் செர்ரிக்குப் போட்டது என்ன? கடைசியாக உருவிய காயும் சருகும் கீழே விழுந்ததும். அவர்கள் கேட்பது முதல்தரப் பழத்தைத் தரையில் படாமல் கம்பிவலைக் கட்டிலில் மெலிசாகப் பரப்பி, நாளைக்குப் பல தடவை புரட்டி, மூன்று வாரம் போலக் காயவைத்தது. பழத்தின் இனிப்புக் கொட்டையில் ஏறும். புரட்டாமல் விட்டால் சாராய வாடைதான் ஏறும்.

நம்ம ஊர் மழையில் அதற்கு மேலே பாலிதீன் கூடாரம் இல்லாமல் இறங்காதீர்கள். பக்கவாட்டில் காற்று ஓடவேண்டும். மூடிய கூடாரத்துக்குள் வேர்த்து வடிந்தால் வெளியே நனைவதைவிட மோசம். காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் இல்லையென்றால் ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே கொட்டை கலகலவென்று ஆடினால் நெருங்கிவிட்டது. அதற்கப்புறம் மாதிரியைத் தினமும் எடைபோட்டு, எடை இறங்குவது நின்றால் கட்டலாம்.

---

கூடலூரான் எழுதியது:

உருவும்போது செடியில் ஒரு காய்கூட விடாதீர்கள், கீழே விழுந்ததையும் பொறுக்கிவிடுங்கள். இந்தியாவில் காய்த் துளைப்பான் முதலில் கண்ணில் பட்டதே எங்கள் கூடலூரில்தான், 1990இல். கடுகைவிடச் சின்னக் கறுப்பு வண்டு. செடியில் தங்கிய காய்க்குள் இருந்துகொண்டே அடுத்த வருடத்துக்கு வந்துவிடும். துளை விழுந்த காயைக் கொதிநீரில் ரெண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்தால் உள்ளே இருப்பது சாகும், பிறகு காயவைத்து விற்கலாம். செர்ரியைச் சரியாகக் காயவைக்காமல் வீட்டில் அடுக்கினால் அங்கேயும் பெருகும்.

---

தண்டுப்புழு_தாத்தா எழுதியது:

எல்லாரும் களத்தில் நிற்கிறீர்கள், நான் செடிக்குக் கூட்டிப்போகிறேன். காவேரி பாதி இருக்கிறது என்றாரே தம்பி, நிழல் எவ்வளவு வைத்திருக்கிறார்? மிளகுக்கு வெளிச்சம் வேண்டும் என்று கண்டபடி கிளை வெட்டினால் வெயில் தண்டில் நேராக அடிக்கும். வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்குப் பிடித்த இடம் அதுதான். அராபிகாவுக்குக் கூற்றுவன் அந்தப் புழு. அதன் வண்டு பட்டையின் வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது. செடி மஞ்சளாகி, தண்டில் வளையம் வளையமாகப் புடைப்புத் தெரிந்தால் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். விறகுக்கு என்று வீட்டுப் பின்னால் அடுக்கிவைக்காதீர்கள், அங்கிருந்தே வண்டு கிளம்பும்.

வண்டு பறக்கிற காலம் இரண்டு: சித்திரை, வைகாசியை ஒட்டி ஒன்று, ஐப்பசிக்கு மேல் ஒன்று. அதற்கு முன்னால் தண்டின் காய்ந்த பட்டையைத் தேங்காய்நார்க் கையுறையால் தேய்த்து எடுத்துவிட்டு 10 விழுக்காடு சுண்ணாம்புக் கரைசல் அடித்தால் முட்டை வைக்க வெடிப்பு இருக்காது. செலவு குறைவு, இடுப்புவலி அதிகம்.

காவேரியில் துருநோய் வராது என்று சொல்லித்தான் 80களில் கொடுத்தார்கள். பிறகு துரு அதையும் பிடித்துக்கொண்டது. 1869இல் இலங்கையில் தலைகாட்டி அங்கே காப்பியையே ஒழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட அதே இலைத்துருதான். மழைக்கு முன்னால் அரை விழுக்காடு போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கரைசல்) இலைக்கு அடியில் படும்படி அடித்தாயா என்பதுதான் கேள்வி, ஜாதி எதுவாக இருந்தாலும். சந்திரகிரி 2007இல் வந்தது. கொட்டை பெரிது, செடி குட்டை, இதுவரை தாங்குகிறது. சந்தேகம் இருந்தால் தாண்டிக்குடியில் காப்பி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உங்களுக்குக் கூப்பிடு தூரம். இலையைப் பறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

---

மலையேறி_மாணவன் எழுதியது:

ஆளாளுக்குப் பல்பர் வாங்குவதைவிட ஊருக்கு ஒன்று வைத்தால் என்ன? ஆந்திராவில் அரக்குப் பள்ளத்தாக்கில் ஆதிவாசிகள் அப்படித்தானே செய்கிறார்கள். 2017இல் பாரிஸில் கடையே திறந்தார்கள், 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். நம்மாட்களுக்கு ஏன் அது தோன்றவில்லை?

---

ஏற்காட்டுக்காரி எழுதியது:

மாணவன் தம்பி, அரக்கு உதாரணத்தை எல்லோரும் சொல்கிறார்கள், அதில் முக்கியமான இடத்தை விட்டுவிடுகிறார்கள். பாரிஸ் வரை போன அந்தக் காப்பிக்கு அரக்கு விவசாயி கொடுப்பது பழம்தான்! நன்றாகப் பழுத்ததை மட்டும் பறித்துக் கொடுக்கிறார், கூட்டுறவு அதை ஒரே இடத்தில் சேர்த்துப் பதப்படுத்துகிறது. வீட்டுக்கு வீடு பல்பர் கிடையாது. ஆக, பழமாக விற்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. பழத்தை வாங்குகிற ஆள் தரத்துக்குக் காசு கொடுக்கிறாரா, மழையில் கெட்டால் அந்த நஷ்டம் யார் கணக்கில் போகிறது என்பதுதான் விஷயம். நம் ஜீப் வியாபாரி மழையைத் தாங்குகிறார், ஆனால் தரத்துக்குத் தனிக் காசு தருவதில்லை. வறுகடைக்காரர் தரத்துக்குத் தருகிறார், மழையைத் தாங்க மாட்டார். இரண்டையும் ஒரே ஆள் செய்கிற இடம் நம் பக்கம் இன்னும் வரவில்லை.

இன்னொன்று. அரக்குக்குப் பின்னால் அறக்கட்டளை பணம் போட்டுப் பல வருடம் பொறுமையாக நின்றது. நம் மலையில் ஒவ்வொருவரும் தனித்தனிப் பட்டாக்காரர். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பழம் என் தொட்டியில் விழுந்தால் "உன்னுடையதில்தான் காய் அதிகம்" என்று அன்றைக்கே சண்டை.

---

பெரும்பாறை_அண்ணாச்சி எழுதியது:

சண்டை வரும், உண்மை. ஆனால் நாலு பங்காளி சேர்ந்து ஒரு களம் போட்டது எங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது. பல்பர் அவரவருடையது, களமும் தார்ப்பாயும் பொது. ராத்திரி மழைக்கு மூட ஒரு ஆள் முறை வைத்துக்கொண்டார்கள். அது ஓடுகிறது. பொதுவில் வைக்க வேண்டியது களம்தான் என்பது என் அபிப்பிராயம். களத்துக்கும் பல்பருக்கும் வாரியத்தில் அவ்வப்போது மானியம் வரும், பட்டா யார் பெயரில் என்பதை மட்டும் முதலில் சரிபண்ணு. தாத்தா பெயரிலேயே கிடக்கிற பட்டா நம் மலையில் ஏராளம்.

தம்பி கேட்காவிட்டாலும் தொட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்குத் தேவைப்படும். பறித்த அன்றைக்கே தோலெடுக்க வேண்டும். ராத்திரி தங்கிய பழம் சாக்குக்குள்ளேயே சூடேறும். தோலெடுத்த கொட்டை வழுவழுவென்று இருக்கும், அந்த வழுவழுப்புப் போகத்தான் தொட்டியில் போடுவது. புத்தகத்தில் 24 மணி, 36 மணி என்று எழுதியிருப்பான். நம் குளிரில் சில நாள் அதற்கு மேலும் ஆகும், வெயில் அடித்தால் முன்னாலேயே ஆகிவிடும். கடிகாரத்தை நம்பாதே. ஒரு கை அள்ளிக் கழுவி இறுக்கிப் பிசை. வழுக்கினால் இன்னும் இருக்கிறது. கூழாங்கல்லைப் பிசைந்தது மாதிரி கரகரவென்று கைக்குள் சத்தம் வந்தால் அந்த நிமிடமே கழுவு. நடுராத்திரி என்றாலும் கழுவு. காலையில் பார்க்கலாம் என்று படுத்தால் புளிப்பேறிவிடும். ஒரு பிடி கெட்ட கொட்டை போதும், ஒரு மூட்டையையே நாறடிக்க.

காயும்போது முதல் நாள் கம்பிவலையில் தண்ணீர் வடியட்டும். பிறகு மெலிசாகப் பரப்பிக் கிளறிக்கொண்டே இரு. உச்சிவெயிலில் மூடு, இல்லாவிட்டால் பார்ச்மென்ட் வெடித்துக் கொட்டை வெளியே தெரியும். சாயங்காலம் குவித்து மூடு. கட்டிய சாக்கைத் தரையில் வைக்காதே, பலகைமேல் வை. உரமூட்டை, மருந்து டப்பா இருக்கிற அறையில் வைக்கவே வைக்காதே. காப்பி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

---

அய்யம்பாளையத்தான் எழுதியது:

மலையில் இருக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கீழே இருக்கிறவன் ஒன்று சொல்கிறேன். தோலெடுத்த தண்ணீரை ஓடையில் விட்டால் அது மருதாநதிக்கு வந்து எங்கள் அணையில் சேர்கிறது. அந்தத் தண்ணீரில் சர்க்கரையும் புளிப்பும் அதிகம். அழுகும்போது நீரில் இருக்கிற உயிர்க்காற்றை எல்லாம் உறிஞ்சிவிடும், மீன் தாங்காது. வீட்டுக்கு வீடு பல்பர் என்று ஆரம்பித்தால் எங்கள் கதி என்ன?

---

தண்டுப்புழு_தாத்தா எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஓடைக்குத் தள்ளி ஒரு குழி வெட்டி அதில் விடுங்கள். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை மட்டுப்படுத்தி, தெளிந்தபிறகு தோட்டத்துக்குள்ளேயே பாய்ச்சிவிடலாம். முதல்தடவை கழுவிய தண்ணீரையே மறுநாள் தோலெடுக்கத் திருப்பி ஊற்றினால் செலவாகிற தண்ணீரும் குறையும். பழத்தோலை ஓடைக்கரையில் கொட்டுவது இன்னும் மோசம். சாணியோடு சேர்த்து மக்கவைத்தால் காப்பிச் செடிக்கே நல்ல எரு. பச்சையாக வேரடியில் போடாதீர்கள்.

---

பண்ணைக்காட்டுத்_தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மழை வியாபாரி தலையில் என்ற இடத்தில் "அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார்.

இப்படி யோசிக்கிறோம். ஐப்பசியில் வருகிற முதல் எடுப்பு மழையில் மாட்டும், அதை வழக்கம்போலப் பழமாகவே போட்டுவிடுவது, மிதப்பதை அரித்துவிட்டு. மார்கழிக்கு மேல் வானம் வெளுத்தபின் எஸ் 795இல் பழுப்பதை மட்டும் நாள்கூலிக்குப் பறித்துப் பார்ச்மென்ட் ஆக்குவது. ரெண்டு மூட்டைக்கு மேல் ஆசைப்படப் போவதில்லை. மதுரை அண்ணன் வாங்கிக்கொள்வதாகத் தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறார், மூட்டை கைக்கு வந்ததும் பாதி, மாதிரி பார்த்தபின் மீதி. நேச்சுரல் இந்த வருடம் வேண்டாம், கூடாரத்துக்குக் காசு இல்லை.

பழைய பல்பரை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

---

பெரும்பாறை_அண்ணாச்சி எழுதியது:

மார்கழிக்கு மேல் என்பது சரியான முடிவு. அப்போதும் பட்டிவீரன்பட்டி மில்லில் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லிவை. ரெண்டு மூட்டையைத் தனியாக ஓட்டித்தர எல்லா மில்லும் ஒத்துக்கொள்ளாது, மற்றவர்களுடையதோடு கலந்துவிட்டால் நீ பட்ட பாடு வீண்.

பல்பரை வெறுமனே சுற்றிப் பார்த்து வாங்காதே. உருளைமேல் இருக்கிற செம்புத் தகட்டைத் தடவிப் பார். புடைப்புகள் மழுங்கியிருந்தால் தோல் முழுசாக உரியாது, ஓட்டை விழுந்திருந்தால் தகடு மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேள். பிறகு ஒரு கூடைப் பழம் கொண்டுபோய்ப் போட்டுச் சுற்று. வெளியே வருகிற தோலுக்குள் கொட்டை போகிறதா, கொட்டையில் நகக்கீறல் மாதிரி வெட்டு விழுகிறதா என்று பார். வெட்டு விழுந்தால் இடைவெளியைத் திருகித் தளர்த்தலாம், தளர்த்தியும் விழுந்தால் அந்த மிஷின் வேண்டாம். பெரிய பழமும் சின்னப் பழமும் கலந்து போட்டுப் பார், விற்கிறவன் பெரிசாகப் பொறுக்கிவைத்துத்தான் காட்டுவான். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருகிறேன், போவதற்கு முன்னால் ஒரு போன் போடு.